ஹௌட்டனில் முதல் குளிர்காலம்: உடற்கல்விப் பாடமாகப் பனிச்சறுக்கு எடுக்கலாமா?

கரிசல்காட்டுப்பெண் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஹௌட்டன் என்ற ஊரில் இருக்கும் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் சார்ந்த முதுநிலைப் படிப்பில் இந்த ஆகஸ்டில் சேர்ந்தேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே நல்ல மழை ஒன்று பெய்தால் ஊரே வாசலில் வந்து நின்று பார்க்கும். இங்கே பனி கொட்டத் தொடங்கி வாரங்களாகின்றன; ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுத்த செமஸ்டருக்கான பாடப்பதிவு திறந்திருக்கிறது. உடற்கல்விப் பட்டியலில் தொடக்கநிலை ஸ்கீ (காலுக்கொன்றாக நீண்ட பட்டை மாட்டிச் சறுக்குவது), தொடக்கநிலை ஸ்னோபோர்டு (இரண்டு காலும் ஒரே பலகையில்) இரண்டும் இருக்கின்றன. வளாகத்துக்கு எதிரே, கால்வாயைத் தாண்டினால் மான்ட் ரிப்ளி. பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான சறுக்குக் குன்று. என் அறைத்தோழி மினசோட்டாக்காரி. நடக்கப் பழகிய கையோடு ஸ்கீயும் பழகியவளாம். "சேர், சேர்" என்று தினமும் நச்சரிக்கிறாள்.

எனக்கு விளையாட்டு என்றால் பள்ளியில் கோ-கோ ஆடியதோடு சரி. பிறந்ததிலிருந்து சறுக்கியவர்களுக்கு நடுவில் நான் மட்டும் விழுந்துகொண்டிருப்பேனோ என்று கூச்சமாக இருக்கிறது. காலை உடைத்துக்கொண்டால் ஆய்வுக்கூட வேலை என்னாவது, காப்பீடு கொடுக்குமா என்ற பயம் வேறு. அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், "படிக்கப் போனாயா, சறுக்கப் போனாயா?" என்று போனை வைத்துவிட்டார். உடைக்கும் கருவிகளுக்கும் எவ்வளவு ஆகும் என்றும் தெரியவில்லை.

சேரலாமா? சேர்ந்தால் ஸ்கீயா, ஸ்னோபோர்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹஸ்கி எழுதுகிறார்:

சகோதரி, சேருங்கள். நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரன், அருப்புக்கோட்டை. அதே வளாகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு இப்போது டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கு எது பெரிதாகப் படுகிறதோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

பனிச்சறுக்கை விடுங்கள், முதலில் குளிர்காலத்தைப் பேசுவோம். கனடாப் பக்கமிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத சுப்பீரியர் ஏரியின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹௌட்டன் இருக்கும் கீவினா தீபகற்பத்தின் மேடு குறுக்கே நிற்பதால் மேலெழும்பி, அள்ளிய அவ்வளவையும் உங்கள் தலையில் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 200 அங்குலத்துக்கு மேல். 41ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் பனியின் அளவைக் காட்டும் உயரமான பலகை ஒன்று நிற்கும். 1978-79 குளிர்காலத்தில் பதிவான 390.4 அங்குலத்தை அதில் குறித்திருப்பார்கள். அண்ணாந்துதான் படிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஹௌட்டன் கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் காலை எட்டரைக்குப் பிறகுதான் விடியும்.

நம் பிள்ளைகள் பலர் நவம்பரில் அறைக்குள் போய் ஏப்ரலில் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். இடையில் ஆய்வுக்கூடம், சமையலறை, போன் திரை, அவ்வளவுதான். பிப்ரவரியில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு பிற்பகலாவது உங்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போக ஏதாவது வேண்டும். "நேரம் கிடைத்தால் போவேன்" என்பது ஹௌட்டனில் எடுபடாது. நேரம் கிடைக்காது, கிடைக்கிற அன்றைக்குக் குளிரும். பாடம் என்றால் வருகைப்பதிவு இருக்கிறது, கட்டிய பணம் இருக்கிறது, கூடப் படிப்பவள் வந்து கதவைத் தட்டுவாள். நான் அந்த வகுப்புக்கு ஆசையோடு போன நாட்களைவிட அலுத்துக்கொண்டு போன நாட்கள்தான் அதிகம். போய்விட்டு அலுப்போடு திரும்பியதாக நினைவில்லை.

ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளலாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் நாளில் முழுசாகக் கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். அடுத்த நாள் தொடை பிடித்துக்கொள்ளும். அந்த வலியோடு மறுபடி ஏறினால் முந்தைய நாளைவிட மோசமாகச் சறுக்குவீர்கள். ஒரு வாரம் விட்டுப் போனால், போன வாரம் கெஞ்சியும் கேட்காத கால் இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கும். ஏன் என்பதை உடலியல் படித்தவர்கள் விளக்கட்டும். பயிற்றுநருக்கும் உங்கள் உடம்பின் கோணல்கள் பழகிவிடும். ஒருநாள் பயிற்சியில் நீங்கள் அவருக்குப் பச்சைச் சட்டைக்காரி. வகுப்பில் "இடது தோளைத் தூக்கும் பெண்".

கூச்சத்தைப் பற்றி: மூன்று வயதிலிருந்து சறுக்கியவள் தொடக்கநிலை வகுப்புக்கு ஏன் வரப்போகிறாள்? அவள் குன்றின் மறுபக்கத்தில் இருப்பாள். உங்களோடு நிற்பவர்கள் டெக்சாஸ்காரன், சீனத்திலிருந்து வந்த ஆய்வு மாணவர், மிச்சிகனின் தட்டையான தென்பகுதியில் வளர்ந்து வாழ்நாளில் குன்றையே பார்க்காத பையன்கள். எல்லோரும் விழுவார்கள். உடற்கல்வி வகுப்புகளில் பெரும்பாலும் வருகையும் முயற்சியும்தான் மதிப்பெண். எவ்வளவு அழகாக இறங்கினீர்கள் என்று யாரும் அளப்பதில்லை.

இனி வகுப்புக்கு வருவோம். முதல் நாள் பாதி நேரத்தைப் பூட்ஸே விழுங்கிவிடும். உள்ளே ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் சற்றே விலக வேண்டும். அதுதான் சரியான அளவு. வாடகைக் கவுன்ட்டரில் "வசதியாக இருக்கிறதா?" என்று கேட்பார்கள். வசதியாக இருந்தால் அது பெரிய பூட்ஸ், மாற்றி வாங்குங்கள். அதை மாட்டிக்கொண்டு நடப்பது, இரண்டு காலுக்கும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குவதைப் போல இருக்கும். குதிகாலை முதலில் ஊன்றினால் சமாளிக்கலாம்.

ஸ்கீயில் காலைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நுனியை நுழைத்துக் குதிகாலை அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் புதியவர்கள் பலம் போதவில்லை என்று நினைத்து மிதிமிதியென்று மிதிப்பார்கள். பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்ஸின் அடியில் பனி இறுகி ஒட்டியிருக்கும். கையில் ஊன்றப் பிடித்திருக்கும் கம்பின் முனையால் சுரண்டிவிட்டு, பிறகு மிதித்துப் பாருங்கள். சரிவில் நிற்கும்போது பள்ளத்துப் பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்டுங்கள். இல்லையென்றால் மாட்டிய கால் உங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிடும்.

நிற்பதற்கு முதலில் கற்றுத்தருவது ஆப்பு வடிவம். முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று. குழந்தைகளுக்கு அதைப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக்கொடுப்பார்கள். முதுநிலை மாணவர்களுக்கும் அதே பீட்சாதான். பின்முனைகளை வெளியே தள்ளத் தள்ள வேகம் குறையும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலில் எடையை இறக்க வேண்டும். இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். மீதி செமஸ்டர் முழுக்க ஒரே ஒரு விஷயத்தோடுதான் போராட்டம்: பின்னால் சாயாமல் இருப்பது.

சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்வாங்கும். தரையில் அது புத்திசாலித்தனம். ஸ்கீயில் அதுவே வினை. ஸ்கீயைத் திருப்புவது அதன் முன்பாதி. நீங்கள் பின்னால் சாய்ந்தால் முன்பாதி பனியைக் கடிக்காது. திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, வேகம் மட்டும் ஏறும். முன்காலெலும்பு பூட்ஸின் நாக்கை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சைப் பள்ளத்தாக்கின் பக்கம் கொடுக்க வேண்டும். பயிற்றுநர்கள் இதை நூறு விதமாகச் சொல்வார்கள், காதில் ஏறாது. எனக்குச் சொல்லித்தந்தவர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் எல்லோருடைய கம்புகளையும் வாங்கி வேலியில் சாய்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் வைத்துக் குனிந்தபடியே இறங்கச் சொன்னார். திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர் முழங்காலைக் கையால் அழுத்த வேண்டும். பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. ஆனால் கை முழங்காலில் இருக்கும்போது பின்னால் சாயவே முடியாது. அன்றைக்குத்தான் முதன்முறையாக நான் நினைத்த இடத்தில் ஸ்கீ திரும்பியது. உங்கள் பயிற்றுநர் இதைச் சொல்லித்தராவிட்டால் நீங்களே சரிவு குறைந்த இடத்தில் செய்து பாருங்கள்.

குன்றின் மேலே ஏற்றிச்செல்லும், கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி லிஃப்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காதவர்கள் எல்லாம் போய் அதில்தான் விழுகிறார்கள். அது நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து வந்து உங்களை அள்ளிக்கொண்டு போகும். இதன் கதை நம்மவர்களுக்குப் பிடிக்கும். 1936இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி லிஃப்டை அமைத்தது யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம். வடிவமைத்த பொறியாளர் ஜேம்ஸ் கரன், வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் கம்பிவடத்தை அறிந்தவர். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். வாழைத்தாருக்கு வேகம் பொருட்டல்ல, மனிதனுக்குப் பொருட்டு. அதனால் ஒமாஹாவில் ஒரு வண்டியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி ஓட்டிக்காட்டி, எந்த வேகத்தில் அள்ளினால் ஆள் விழமாட்டான் என்று சோதித்தார்கள். ஆகவே பயப்படாதீர்கள், நமக்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்புகள் இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுதோளுக்கு மேல் திரும்பி நாற்காலி வருவதைப் பாருங்கள். முழங்காலின் பின்புறத்தைத் தொட்டதும் உட்காருங்கள். மேலே இறங்கும்போது ஸ்கீயின் முனைகளைத் தூக்கிவையுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று படம் எடுக்காதீர்கள். அடுத்த நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்காது.

செலவு. ஸ்கீ, பூட்ஸ், கம்பு எதையும் வாங்க வேண்டாம், வாடகை போதும். பாடக்கட்டணத்தில் வாடகையும் லிஃப்ட் டிக்கெட்டும் சேர்த்தியா, தனியா என்று பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. விழுந்து எழுந்த பத்தாவது நிமிடம் பலகையாக விறைத்து நிற்கும். உள்ளே ஒட்டிய செயற்கை இழை அல்லது கம்பளி, நடுவில் ஒரு ஃபிளீஸ் மேற்சட்டை, மேலே நீர்புகாத காற்சட்டையும் ஜாக்கெட்டும். காற்சட்டையைப் பழைய துணி விற்கும் கடைகளில் பாருங்கள். பட்டம் வாங்கிப் போகிறவர்கள் மே மாதத்தில் போட்டுவிட்டுப் போனவை மலிவாகக் கிடைக்கும். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நான் மலிவாக வாங்கிய ஒரு ஜோடி முதல் பிற்பகலிலேயே ஈரம் சொட்டியது.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா? ஸ்கீ. இதோ, இப்போது பலகைக்கட்சியினர் சண்டைக்கு வருவார்கள் பாருங்கள்.

ஒற்றைப்பலகை எழுதுகிறார்:

வந்துவிட்டேன் அண்ணா.

தோழி, பழைய ஹஸ்கி அண்ணன் சொன்ன பூட்ஸ் கொடுமையை மறுபடி ஒருமுறை படியுங்கள். ஸ்னோபோர்டில் அது கிடையாது. பூட்ஸ் மெத்தென்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கே நடந்து போகலாம். கம்பு இல்லை, காலுக்கொன்றாய் இரண்டு திசையில் ஓடும் ஸ்கீயும் இல்லை. அதோடு இது மிச்சிகனின் சொந்தச் சரக்கு. 1965இல் மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளைச் சேர்த்துப் பிணைத்தார். "ஸ்னர்ஃபர்" என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய ஸ்னோபோர்டு அந்த வழியில் வந்ததுதான். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. அந்த மாநிலத்தில் இருந்துகொண்டு ஸ்கீ கற்பதா?

நியாயமாகச் சொன்னால், தொடக்கம் கடினம். முதல் சில வகுப்புகளில் உட்காருமிடமும் முழங்காலும் மாறி மாறி அடிவாங்கும். ஆனால் பலகையின் விளிம்பில் நிற்பது என்றால் என்ன என்று உடம்புக்குப் புரிந்த நாளிலிருந்து முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஸ்கீயில் நேர்மாறு: முதல் நாளே இறங்கிவிடலாம், அதன்பிறகு அந்தப் பீட்சாவை விட்டு வெளியேறப் பலருக்குப் பருவம் முழுக்க ஆகிறது.

முதலில் எந்தக் கால் முன்னால் என்று கண்டுபிடிக்க வேண்டும். வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகும் காலைப் பெரும்பாலும் நம்பலாம். பிறகு குதிகால் விளிம்பில் நின்று, மலைக்கு முதுகு காட்டி, இடமும் வலமுமாக மிதந்து இறங்கப் பழக்குவார்கள். பள்ளத்துப் பக்கத்து விளிம்பு மட்டும் பனியில் தட்டக்கூடாது. தட்டினால் யோசிக்க நேரம் இருக்காது, தரையில் கிடப்பீர்கள். எனவே மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள், உள்காற்சட்டைக்குள் மெத்தை வைத்ததும் கிடைக்கிறது. வெட்கப்படாமல் வாங்குங்கள், வெளியே தெரியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சமதளம் வந்தால் ஸ்கீக்காரர்கள் கம்பை ஊன்றிப் போய்விடுவார்கள், நாம் ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது எரிச்சல்தான்.

மூட்டு இயன்முறையாளர் எழுதுகிறார்:

இருவரும் கட்சி கட்டுவது இருக்கட்டும். இயன்முறை மருத்துவத்தில் இருப்பவள் என்ற முறையில் பயத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அம்மா.

ஸ்னோபோர்டு கற்பவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது அதிகம். ஸ்கீயில் முழங்கால், குறிப்பாக உள்ளே இருக்கும் தசைநார்கள். கம்பைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரலின் அடிமூட்டுத் தசைநாரைக் கிழித்துக்கொள்வதும் உண்டு. அதற்கு ஸ்கீக்காரர் கட்டைவிரல் என்றே பெயர். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கம்பை விட்டுவிடுங்கள்.

முழங்காலைக் காப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஸ்கீ பூட்ஸைப் பிடித்திருக்கும் பிணைப்பு, குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் தானாக விட்டுவிட வேண்டும். அந்த அளவை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், நீங்கள் எப்படிச் சறுக்குவீர்கள் என்பதை எல்லாம் வைத்துக் கணக்கிட்டுத் திருகி வைப்பார்கள். வாடகைப் படிவத்தில் எடையைக் கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள். "நிதானமானவர்" என்ற முதல் வகையில் டிக் செய்யுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தன்னை வீரர் என்று குறித்தவரின் பிணைப்பு விட வேண்டிய நேரத்தில் விடாது, முழங்கால்தான் விடும். ஸ்னோபோர்டில் பிணைப்பு கழலவே கழலாது. இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் முழங்கால் முறுக்கம் குறைவு.

விழுந்த பிறகும் ஓர் எச்சரிக்கை. சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடப் பார்க்காதீர்கள். பின்பக்கமாக உட்கார்ந்து வேகத்தைக் குறைக்கவும் பார்க்காதீர்கள். இரண்டுமே முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநாரைக் கிழிக்கக்கூடியவை. முழுக்க நின்றதும், ஸ்கீ இரண்டையும் உடம்புக்குக் கீழே பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே வைத்து எழுங்கள். ஹெல்மெட் போடுங்கள். அது தலைக்கு மட்டும்தான், துணிச்சலுக்கு அல்ல.

உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே வழி உரிமை. பின்னாலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். புறப்படும்போது மேலே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எளிய சரிவுக்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினத்துக்குக் கறுப்பு வைரம் என்ற குறிகள் அந்தந்தக் குன்றுக்குள் ஒப்பிட்டுப் போட்டவை. மான்ட் ரிப்ளி சுமார் 440 அடி இறக்கம்; அங்கே நீலம் பழகினேன் என்று ராக்கி மலைக்குப் போய் நீலத்தில் நேராக இறங்கிவிடாதீர்கள்.

டிசம்பர் விடுமுறையில் தினமும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் அந்தரத்தில் உட்காருங்கள். தொடை நடுங்கும்வரை. வகுப்பில் வித்தியாசம் தெரியும்.

கயூகா கரையான் எழுதுகிறார்:

நான் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எங்களுக்குக் குன்று சன்னலுக்கு வெளியே இல்லை; வளாகம் இருக்கும் இதாகாவிலிருந்து பஸ்ஸில் கிரீக் பீக் என்ற சறுக்குமலைக்குப் போக வேண்டும். வர்ஜில் என்று ரோமானியக் கவிஞரின் பெயர் கொண்ட ஊரில் கிரேக்கப் பெயர் வைத்த மலை. அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவும் அப்படித்தான், ஹோமர்கூட உண்டு. இருட்டில் திரும்பி வரும்போது பஸ் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும், பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள், யாருடைய காலுறையோ நாறும். கால்வாயைக் கடந்தால் சறுக்கலாம் என்ற கொடுப்பினை உள்ளவர் தயங்குவதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

யாரும் சொல்லாத அலுவலக விஷயங்கள் சில. உடற்கல்வி கிரெடிட் முதுநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கணக்காகாது. உங்களுக்கு உதவி ஆராய்ச்சியாளர் பணியோடு கட்டணச் சலுகை இருந்தால், அது இந்தப் பாடத்தையும் ஏற்குமா, உங்கள் பையிலிருந்து கட்ட வேண்டுமா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். விசாவுக்கான முழுநேரக் கணக்கில் இதைச் சேர்த்துக் கொள்ளலாமா என்பதைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மாணவர் காப்பீட்டில் எந்தெந்த விளையாட்டுக்கு விலக்கு என்று ஒரு பக்கம் இருக்கும். சேருவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அடிபட்டால் சரிவிலிருந்து கீழே கொண்டுவருவது மலையின் பனிக்காவல் குழுவினர். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் என்றால் அந்தக் கட்டணம் வேறு கணக்கு.

அம்மா விஷயத்தில் என் வழி இது: முதலில் நன்றாக நின்று எடுத்த படத்தை அனுப்புங்கள், ஹெல்மெட் தெரியும்படி. காணொளி மார்ச் மாதம் போதும்.

பழைய ஹஸ்கி எழுதுகிறார்:

கயூகா கரையான் சொன்ன அலுவலகக் கேள்விகளை இந்த வாரமே கேளுங்கள் சகோதரி. பதிவு நெருங்க நெருங்க அங்கே யாரும் பதில் எழுதமாட்டார்கள். அம்மா விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒளித்தால் சித்தப்பா மகள் யாராவது போட்டுக்கொடுப்பாள். பல்கலைக்கழகப் பாடம், ஆசிரியர் உண்டு, மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டத்தோடு சொல்லுங்கள். நம் அம்மாக்கள் "பாடம்" என்றால் பாதி இறங்கிவருவார்கள்.

ஒற்றைப்பலகைக்கு: மஸ்கீகன் கதை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் சில வகுப்புகளில் அடி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த வகுப்புக்கு வருகிறார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் மணிக்கட்டை வைத்துத்தான் வேலை, அதையும் கணக்கில் வையுங்கள்.

கரிசல்காட்டுப்பெண் எழுதுகிறார்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. துறை அலுவலகத்தில் கேட்டேன்; பாடக்கட்டணத்தை நானே கட்ட வேண்டுமாம். பரவாயில்லை என்று தொடக்கநிலை ஸ்கீயில் பதிவு செய்துவிட்டேன். மணிக்கட்டு வாதம்தான் என்னைச் சாய்த்தது. மாதிரிகளை மெருகேற்றும் வேலை எனக்கு, கையில் கட்டுப் போட்டால் ஆறு வாரம் சும்மா உட்கார வேண்டியதுதான். ஒற்றைப்பலகை அண்ணா மன்னிக்கவும். அம்மாவிடம் பாடத்திட்டத்தைக் காட்டினேன். "இதற்குமா தேர்வு வைக்கிறார்கள்?" என்று கேட்டார், அதற்கு மேல் திட்டவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. நான் மூக்குக்கண்ணாடி போடுபவள், கான்டாக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளாது. என்ன செய்வது?

மூட்டு இயன்முறையாளர் எழுதுகிறார்:

கண்ணாடிக்கு மேலேயே அணியும்படி ஆழமாகச் செய்த ஸ்கீ காகிள்ஸ் தனியாக விற்கிறார்கள். உங்கள் கண்ணாடியையும் ஹெல்மெட்டையும் கொண்டுபோய் மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடியின் காது பகுதி ஹெல்மெட்டில் அழுத்தினால் அரைமணியில் தலை வலிக்கும். லிஃப்டில் போகும்போது காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றி வைக்காதீர்கள், தலைச்சூட்டில் உள்ளே ஆவி பிடித்துவிடும். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்தால் மூச்சுக்காற்று நேராகக் கண்ணாடிக்குப் போகும். மூக்குக்குக் கீழே நிறுத்துங்கள்.

பழைய ஹஸ்கி எழுதுகிறார்:

உள்பக்கத்தில் ஈரம் பட்டால் கையுறையால் தேய்க்காதீர்கள், ஆவி படியாமலிருக்கப் பூசிய பூச்சு போய்விடும். குன்றடிவாரக் கட்டடத்துக்குள் போய் உலர விடுங்கள். அங்கே சூடாகக் கோகோ கிடைக்கும். காப்பியை நம்பிப் போகாதீர்கள்.